வெளிநாட்டு கரண்ட் பில்லும் கேஸ் பில்லும்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் ஓர் அலுவலகத்தில் ஐந்து வருடம் வேலை செய்தேன். வெளிநாட்டு வீடுகளுக்கு எரிவாயுவும் மின்சாரமும் விற்கும் ஒரு கொம்பனிக்கு பில் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. இப்போது ஊருக்கே திரும்பி வந்துவிட்டேன். வந்த நாள் முதல் கேள்விகள்தான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் சொந்தங்கள் பில்லைப் படம் எடுத்து அனுப்பி, "இது என்ன கணக்கு பிள்ளை?" என்கிறார்கள். வேலை தேடும் தம்பி தங்கைகள், "எனர்ஜி மார்க்கெட்டர் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது, அது என்ன வேலை அக்கா?" என்கிறார்கள். மின்சார சபையைப் பிரிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்த பிறகு அயல்வீட்டாரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று பட்டது.

எரிசக்தி விற்பனையாளர் (விளம்பரத்தில் வரும் 'எனர்ஜி மார்க்கெட்டர்') என்பவர் யார்? மின்நிலையமும் எரிவாயுக் கிணறும் அவருக்குச் சொந்தமா?

பெரும்பாலும் இல்லை. கம்பியும் குழாயும்கூட அவருடையவை அல்ல. மொத்தச் சந்தையில் வாங்குவார், வேறொருவருடைய குழாயிலும் கம்பியிலும் கூலி கொடுத்து அனுப்புவார், வீட்டுக்காரருக்கும் கடைக்காரருக்கும் தொழிற்சாலைக்கும் விற்பார். சொந்தமாக மின்நிலையம் வைத்திருக்கும் பெரிய கொம்பனிகளும் உண்டு. ஆனால் அது இல்லாமலே இந்தத் தொழிலை நடத்தலாம்.

சரி, கிணறும் இல்லை, கம்பியும் இல்லையென்றால் அவர் எதற்கு? நம் கடற்கரையையே உதாரணமாக எடுக்கிறேன். உப்புவெளியில் உள்ள ஒரு ஹோட்டலுக்கு ஒரு மீன் வியாபாரி, "வருடம் முழுக்க அறுக்குளா கிலோ இந்த ஒரே விலைக்குத் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. சோளகக் காலத்தில் நம் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும், பாடு நன்றாக விழும், கரையில் விலை இறங்கும். அப்போது வியாபாரிக்கு லாபம். கார்த்திகை மார்கழியில் வாடைக்காற்று எழும்பி வள்ளங்கள் கரையில் கிடக்கும்போது கிலோ விலை எங்கேயோ போய்விடும். அன்றும் அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டும். ஹோட்டல்காரர் அவரிடம் மீனை வாங்குகிறார், கூடவே விலை ஏறினால் தாங்கிக்கொள்ளும் பொறுப்பையும் வாங்குகிறார்.

எரிசக்தி விற்பனையாளரின் தொழிலும் இதுதான். எவருடைய எரிவாயுவாக இருந்தாலும் அடுப்பில் ஒரே மாதிரித்தான் எரியும். ஆகவே அவர் உண்மையில் விற்பது விலையின் ஏற்ற இறக்கத்தை யார் சுமப்பது என்ற ஏற்பாட்டை. எந்தக் கேள்விக்குப் பதில் தேடினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறேன். அதனால் கீழேயும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன்.

"கட்டுப்பாடு நீக்கப்பட்ட சந்தை" என்றால் அரசாங்கம் கையைக் கழுவிவிட்டதா?

அந்தப் பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். நீக்கப்பட்டது ஒரு பகுதியின் ஏகபோகம் மட்டுமே. ஒரே தெருவில் நான்கு கொம்பனிகள் நான்கு வரிசைக் கம்பி இழுப்பது வீண் செலவு. அதனால் கம்பியும் குழாயும் எல்லா நாட்டிலும் ஏகபோகமாகவே இருக்கின்றன. அவற்றின் கட்டணத்தை ஓர் ஆணைக்குழு நிர்ணயிக்கிறது. உள்ளே ஓடும் எரிவாயுவையும் மின்சாரத்தையும் யாரிடம் வாங்குவது என்பதை மட்டும் வாடிக்கையாளர் தெரிவு செய்யலாம்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவில் முன்பு நீண்டதூரக் குழாய்க் கொம்பனியே எரிவாயுவை வாங்கி, அதுவே விற்கவும் செய்தது. மத்திய எரிசக்தி ஆணைக்குழு 1992இல் பிறப்பித்த 636ஆம் இலக்கக் கட்டளை அதை உடைத்தது. "நீ ஏற்றி இறக்கும் வேலையை மட்டும் செய், யாருடைய சரக்காக இருந்தாலும் ஒரே நியாயத்தில் ஏற்று" என்பதுதான் அதன் சாரம். மின்சாரத்துக்கு அதே வேலையை 1996இல் வந்த 888ஆம் இலக்கக் கட்டளை செய்தது. பிரித்தானியாவில் 1990இல் மின்துறை தனியார்மயமானது. சாதாரண வீட்டுக்காரர் கொம்பனியைத் தெரிவு செய்யும் உரிமை எரிவாயுவுக்கு 1998இலும் மின்சாரத்துக்கு 1999இலும் நாடு முழுவதும் வந்து முடிந்தது. நோர்வே 1991இலேயே சந்தையைத் திறந்தது. அமெரிக்காவின் டெக்சாஸில் 2002 ஜனவரி 1, கனடாவின் ஒன்ராறியோவில் 2002 மே 1. அதே வருடம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் எல்லா வீடுகளுக்கும் கதவு திறந்தது. அமெரிக்காவில் இன்றும் பல மாநிலங்களில் இந்தத் தெரிவு கிடையாது. அதனால் "அமெரிக்காவில் இப்படி" என்று பொதுவாகச் சொல்வது சரிவராது.

எரிவாயுவை அவர் எப்படி வாங்கி வீடுவரை கொண்டுவருகிறார்?

கிணற்றில் இருந்து வரும் வாயுவைச் சுத்திகரித்து நீண்டதூரக் குழாயில் ஏற்றுவார்கள். பல குழாய்கள் சந்திக்கும் இடங்கள் உண்டு. வாங்கல் விற்றல் அங்கேதான் நடக்கும். அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் ஈராத் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹென்றி ஹப் அவற்றில் பேர் போனது. 1990இல் இருந்து நியூயோர்க் சந்தையில் நடக்கும் எரிவாயு முன்பேர வியாபாரம் (பிறகு தரப்போகும் சரக்குக்கு இன்றே விலை பேசுவது) அந்த இடத்து விலையை வைத்துத்தான். ஒன்ராறியோவில் டோன் என்ற இடம் அப்படிப்பட்டது.

விற்பனையாளர் அங்கே வாங்குகிறார். குழாயில் தன் சரக்குக்கு இடம் பிடிக்கிறார். நகரத்து எல்லையில் உள்ளூர் விநியோகக் கொம்பனியிடம் ஒப்படைக்கிறார். அதற்குப் பிறகு தெருக்குழாய், மீற்றர், கசிவு வந்தால் ஓடி வருவது எல்லாம் விநியோகக் கொம்பனியின் வேலை.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் நாளை எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். வட அமெரிக்காவில் எரிவாயு நாள் என்பது அவர்களின் மத்திய நேரம் காலை 9 மணிக்குத் தொடங்கி மறுநாள் 9 மணிக்கு முடியும். அந்த நாளுக்கான அளவைக் குறித்துக் கொடுத்த பிறகு, குளிர் கூடி வாடிக்கையாளர் அதிகம் எரித்துவிட்டால் குறையை அன்றைய விலையில் வாங்கி நிரப்ப வேண்டும், அல்லது தண்டம் கட்ட வேண்டும். குளிர் என்றால் மார்கழி மழை நேரத்து ஈரக்காற்றுதான் என்று வளர்ந்தவள் நான். கனடாவில் வெப்பநிலை 18 பாகைக்குக் கீழே எத்தனை பாகை இறங்கினால் வீடுகளின் சூடேற்றி எவ்வளவு எரிக்கும் என்று நாள்கணக்கில் கூட்டிக் கணிக்கிறார்கள் என்பதை அந்த அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் சேமிப்பு. சித்திரையில் இருந்து ஐப்பசி வரை, விலை மலிவாக இருக்கும் மாதங்களில், வாங்கி நிலத்துக்கு அடியில் நிரப்புகிறார்கள். முன்பு எரிவாயு எடுத்து வெறுமையான பாறைப் படுகைகளே இதற்குக் களஞ்சியம். டோனில் இருப்பது கனடாவின் பெரிய களஞ்சியங்களில் ஒன்று. குளிர்காலத்தில் அதில் இருந்து எடுப்பார்கள். மீன் வியாபாரி பாடு கூடிய நாளில் ஐஸ் போட்டு வைப்பது போலத்தான்.

மின்சாரத்தையும் இப்படிச் சேமித்து வைக்கலாம்தானே?

அங்கேதான் சிக்கல். குழாயில் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எரிவாயுவை அடக்கி வைக்கலாம். மின்சாரம் அப்படிப் பொறுக்காது. பற்றரிகள் இப்போது பெருகி வருகின்றன என்றாலும், ஒரு நாட்டின் தேவையை எடுத்துக்கொண்டால் பெரும்பகுதி உற்பத்தியாகும் கணமே பாவித்து முடிய வேண்டும். ஐஸ் பெட்டியே இல்லாமல் மீன் விற்பது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு விநாடியும் ஒத்துப்போக வேண்டும். இலங்கையிலும் பிரித்தானியாவிலும் 50 ஹேர்ட்ஸ், வட அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ் என்ற துடிப்பு தவறினால் முழு வலையமைப்பும் விழுந்துவிடலாம். அதைக் காப்பது விற்பனையாளர் அல்ல, வலையமைப்பை இயக்கும் தனி நிறுவனம். விற்பனையாளரின் பங்கு பணக் கணக்கு. பிரித்தானியாவில் ஒரு நாளை 48 அரைமணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அரைமணிக்கும் தன் வாடிக்கையாளர் எவ்வளவு எடுப்பார்கள் என்று கணித்து அவர் வாங்கி வைக்கிறார். கூடக் குறைய வந்தால் அந்த வித்தியாசத்துக்கு வேறு விலையில் தீர்வு. டெக்சாஸில் இந்தக் கணக்கு 15 நிமிடத்துக்கு ஒன்று. அவுஸ்திரேலியாவில் 2021 ஒக்டோபரில் இருந்து 5 நிமிடத்துக்கு ஒன்று.

இவ்வளவு வேகமாக மாறும் விலையை வீட்டுக்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் விற்பனையாளர் அடுத்த மாதம், அடுத்த வருடம் தரவேண்டிய மின்சாரத்தை இன்றே ஒரு விலைக்குப் பேசி வாங்கி வைக்கிறார். இந்த முன்னேற்பாட்டை ஒழுங்காகச் செய்கிறவர் நிலைத்து நிற்பார். செய்யாதவர் மலிவு விலை காட்டி ஆள் சேர்ப்பார், ஆனால் முதல் புயலுக்குத் தாங்கமாட்டார்.

கொம்பனியை மாற்றினால் கம்பி, மீற்றர், கரண்டின் தரம் ஏதும் மாறுமா?

எதுவும் மாறாது. பொதுத் தொட்டி ஒன்றில் பத்துப் பேர் தண்ணீர் ஊற்றுகிறார்கள், நூறு பேர் குழாய் திறந்து எடுக்கிறார்கள். யார் ஊற்றிய தண்ணீர் யார் வாளிக்கு வந்தது என்று பிரிக்க முடியாது. யார் எவ்வளவு ஊற்றினார், எடுத்தார் என்ற கணக்குத்தான் இருக்கிறது. கரண்ட் நின்றால் அழைக்க வேண்டியதும் கம்பிக்குச் சொந்தக்காரரை. விற்பனையாளரை அழைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காற்றாலை மின்சாரம் மட்டும்தான் தருவோம் என்கிறார்களே, அது உண்மையா?

தொட்டிக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வருவது கலந்த மின்சாரமே. நீங்கள் பாவிக்கும் அளவுக்கு ஈடாகக் காற்றாலையோ சூரிய மின்நிலையமோ உற்பத்தி செய்ததற்கான சான்றிதழை அவர் வாங்கி வைக்கிறார். நேரடியாக ஒரு காற்றாலையோடு நீண்டகால ஒப்பந்தம் செய்திருக்கிறாரா, அல்லது சான்றிதழை மட்டும் மலிவாக வாங்கினாரா என்று கேளுங்கள். முதலாவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

நிலையான விலையா, மாறும் விலையா, எதை எடுப்பது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். என் சின்னம்மா ஸ்காபரோவில் இருக்கிறார். 2008 கோடையில் வீட்டு வாசலுக்கு வந்த ஒருவர், "எரிவாயு விலை ஏறிக்கொண்டே போகிறது அம்மா, ஐந்து வருடத்துக்கு இதே விலை" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த ஜூலையில் ஹென்றி ஹப் விலை, எரிவாயுவை அங்கே அளக்கும் பத்து லட்சம் பிரித்தானிய வெப்ப அலகுக்கு, 13 டொலரைத் தாண்டியிருந்தது. ஆனால் அடுத்த வருடம் செப்டெம்பரில் அது 3 டொலருக்கும் கீழே இறங்கியது. பொருளாதாரம் சரிந்தது, களிப்பாறைக்குள் சிக்கியிருந்த எரிவாயுவை எடுப்பது பெருகியது, இரண்டும் ஒன்றாக வந்தன. அயலவர்கள் எல்லாரும் குறைந்த விலையில் எரிக்க, சின்னம்மா மிச்ச வருடங்களுக்குப் பழைய விலையே கட்டினார். உடைத்து வெளியே வரவும் பணம் கேட்டார்கள். அவருடைய கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. விலை எவ்வளவு என்று சொன்னார்கள், விலை இறங்கினால் என்ன ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாமல் இருந்தது. ஒன்ராறியோவில் விநியோகக் கொம்பனி எரிவாயுவை வாங்கிய விலைக்கே கொடுக்கிறது, அதன்மேல் லாபம் வைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்ராறியோ எரிசக்திச் சபை அந்த விலையைப் பார்த்துத் திருத்துகிறது. அதைவிட மலிவாகத் தருவேன் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், எப்படி என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அங்கே மின்சாரத்தில் இன்னொரு கண்ணி உண்டு. விற்பனையாளரோடு ஒப்பந்தம் செய்தாலும் 'குளோபல் அட்ஜஸ்ட்மென்ட்' என்ற கட்டணத்தை, அதாவது மின்நிலையங்களுக்கு உறுதியளித்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடுகட்டும் பணத்தை, தனியாகக் கட்டியாக வேண்டும். சபையின் வழக்கமான விலைத் திட்டத்தில் அது ஏற்கெனவே உள்ளடங்கியிருக்கும். இரண்டு எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

இப்போது மறுபக்கம். டெக்சாஸில் கிரிடி என்று ஒரு கொம்பனி இருந்தது. மாதம் 9.99 டொலர் கட்டணம், மின்சாரம் மொத்தச் சந்தை விலைக்கே. சாதாரண நாளில் யூனிட் சில சதம்தான், எல்லாருக்கும் சந்தோஷம். 2021 பெப்ரவரியில் கடுங்குளிர் அடித்தது. எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்து நின்றன. மொத்த விலை அனுமதிக்கப்பட்ட உச்சமான மெகாவாட் மணிக்கு 9,000 டொலரைத் தொட்டுக் கிட்டத்தட்ட நான்கு நாள் அங்கேயே நின்றது. ஒரு மெகாவாட் மணி என்பது 1,000 யூனிட் (ஒரு யூனிட் ஒரு கிலோவாட் மணி), அதாவது ஒரு யூனிட் 9 டொலர். சில நாட்களில் ஆயிரக்கணக்கான டொலர் பில் வந்த வீடுகள் உண்டு. அந்தக் கொம்பனியைச் சந்தையில் இருந்து நீக்கினார்கள், மார்ச்சில் அது திவாலானது. அந்தக் குளிரில் டெக்சாஸில் 200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். விலைக் கணக்குப் பேசும்போதும் அதை மறக்கக்கூடாது.

ஆகவே என் பதில் இது. ஒரு மாதம் பில் இரண்டு மூன்று மடங்கானாலும் சமாளிக்கலாம் என்ற நிலை இருந்தால் மாறும் விலை எடுக்கலாம். ஓய்வூதியத்தில் வாழும் அம்மா அப்பா, சிறு பிள்ளைகள் உள்ள வீடு என்றால் நிலையான விலைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நட்டமில்லை. ஆனால் ஒரு வருடம், கூடிப்போனால் இரண்டு வருடம். ஐந்து வருட ஒப்பந்தத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

விற்பனையாளர் கொம்பனி மூடப்பட்டால் கரண்ட் நின்றுவிடுமா?

நிற்காது. கம்பி வேறொருவருடையது என்பதால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அந்த வாடிக்கையாளர்களை இன்னொரு கொம்பனியிடம் ஒப்படைப்பார்கள். 2021இன் பின்பாதியில் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியபோது பிரித்தானியாவில் 20க்கு மேற்பட்ட கொம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. 15 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரை வைத்திருந்த பல்ப் என்ற கொம்பனியை அரசே பணம் கொடுத்து நடத்த வேண்டி வந்தது.

ஏன் விழுந்தார்கள்? வீட்டுக்காரரிடம் வாங்கக்கூடிய விலைக்கு 2019 முதல் அங்கே உச்சவரம்பு உண்டு. வாங்கும் விலை அதைத் தாண்டிப் பறந்தது. முன்பே பேசி வாங்கி வைக்காதவர்கள் ஒவ்வொரு யூனிட்டிலும் நட்டப்பட்டார்கள். 2000, 2001இல் கலிபோர்னியாவில் நடந்ததும் இதே கதையின் முதல் பதிப்புத்தான். அங்கே மொத்த விலையைத் திறந்துவிட்டு, வீட்டு விலையைக் கட்டிவைத்திருந்தார்கள். மாநிலத்தின் பெரிய விநியோகக் கொம்பனியான பசிபிக் கேஸ் அன்ட் எலக்ட்ரிக் 2001 ஏப்ரலில் திவால் மனுப் போட்டது. செயற்கையாக விலை ஏற்றி விளையாடிய என்ரோன் என்ற எரிசக்தி வியாபாரக் கொம்பனி அதே வருடம் டிசெம்பரில் வீழ்ந்தது.

பிரித்தானியாவில் விழுந்த கொம்பனிகளின் வாடிக்கையாளரை மாற்றிய செலவு கடைசியில் எல்லா வீட்டு பில்லிலும் ஏறியது. ஒழுங்கான கொம்பனியில் இருந்தவர்களும் கட்டினார்கள். இதை நான் நியாயம் என்று நினைக்கவில்லை. விலைச் சுமையைத் தாங்குகிறேன் என்று சொல்லி வியாபாரம் செய்ய உரிமம் கொடுக்கும்போதே, தாங்குவதற்குக் கையில் முதல் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும்.

பில்லில் முதலில் எதைப் பார்ப்பது?

மொத்தத் தொகையை விட்டுவிட்டு இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று யூனிட் விலை. மற்றது ஒன்றும் எரிக்காவிட்டாலும் நாளுக்கு இவ்வளவு என்று வரும் நிலையான கட்டணம். லண்டன்காரருக்கு ஒரு விசேடக் குறிப்பு: அங்கே உச்சவரம்பு என்பது இந்த இரண்டு எண்களுக்குத்தான், மொத்த பில்லுக்கு அல்ல. கூட எரித்தால் கூட வரும்.

எரிவாயு அளவு நாட்டுக்கு நாடு வேறு. ஒன்ராறியோவில் கன மீற்றர், அவுஸ்திரேலியாவில் மெகாஜூல், அமெரிக்காவின் பல இடங்களில் தேர்ம். பிரித்தானியாவில் மீற்றர் கன மீற்றரைக் காட்டும், பில் கிலோவாட் மணியில் வரும். ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. மீற்றர் காட்டும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் பொருந்தவில்லை என்று மாமா ஒருவர் இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தார். இந்த 11ஆல் பெருக்கிப் பார்த்ததும் கணக்கு நேராகிவிட்டது.

டெக்சாஸில் இருப்பவர்கள் 'எலக்ட்ரிசிட்டி ஃபக்ட்ஸ் லேபல்' என்ற ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்குங்கள். மாதம் 500, 1,000, 2,000 யூனிட் எரித்தால் சராசரி விலை என்ன என்று அதில் தனித்தனியாகப் போட்டிருக்க வேண்டும். விளம்பரத்தில் வருவது 1,000க்கு உரிய மலிவான எண்ணாக இருக்கும். நீங்கள் 600 எரிப்பவர் என்றால் அது உங்களுக்குப் பொருந்தாது.

கதவைத் தட்டியோ தொலைபேசியிலோ விற்க வருகிறார்கள். என்ன செய்ய?

ஒன்ராறியோவில் 2017 ஜனவரி 1 முதல் வீட்டு வாசலில் வைத்து எரிசக்தி ஒப்பந்தம் எழுதுவதே தடை. அதனால் அங்கே கேள்விக்கே இடமில்லை, கதவைச் சாத்தலாம். மற்ற இடங்களில் பழைய பில்லைக் காட்டாதீர்கள். "பில்லைக் காட்டுங்கள், கழிவு கிடைக்குமா என்று பார்க்கிறேன்" என்பதுதான் அவர்களின் முதல் வசனம். அதில் உள்ள கணக்கு இலக்கம் கிடைத்தால் உங்கள் சம்மதம் இல்லாமலே கொம்பனியை மாற்ற முயன்றவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டால் உடனே திகதியைப் பாருங்கள். ஒன்ராறியோவில் 10 நாள், பிரித்தானியாவில் 14 நாள் மனம் மாற இடம் உண்டு. பிரித்தானியாவில் நிலையான விலை ஒப்பந்தத்தின் கடைசி 49 நாளில் விலகினாலும் தண்டம் இல்லை.

நம் வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பதும் இந்த வாயுதானா?

இல்லை. லிட்ரோ, லாஃப்ஸ் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் அழுத்தித் திரவமாக்கியது. குழாயில் போகும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீதேன். மீதேன் காற்றைவிட இலேசானது, மேலே போகும். சிலிண்டர் வாயு கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அதனால்தான் கசிவு மணம் வந்தால் கதவு ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள், சுவிட்சில் கைவைக்காதே என்கிறார்கள். இலங்கையில் வீடுகளுக்கு இயற்கை எரிவாயுக் குழாய் கிடையாது. மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடித்தார்கள், அது இன்னும் கடலுக்கு அடியில்தான் இருக்கிறது.

திருகோணமலையில் எப்போது நாங்கள் கொம்பனியைத் தெரிவு செய்யலாம்?

மின்சார சபையைப் பிரிப்பதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். 1969இல் உருவான சபையின் வேலைகளை, அதாவது உற்பத்தி, கடத்தல், வலையமைப்பை இயக்குதல், விநியோகம் ஆகியவற்றைத் தனித்தனி அரச கொம்பனிகளிடம் ஒப்படைக்கத்தான் 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025இல் வந்த அதன் திருத்தமும். நிலாவெளியில் இருக்கும் ஒரு வீடு மூன்று கொம்பனிகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் முறை அதனால் வந்துவிடவில்லை. கட்டணத்தை இன்றும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பார்த்துத்தான் அனுமதிக்கிறது.

சம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் அந்த மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களின் மண்ணில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்து, 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. அது உற்பத்தி செய்யும் மின்சாரம் ஒப்பந்த விலைக்குத் தேசிய வலையமைப்புக்குப் போகும். பக்கத்தில் இருக்கும் சம்பூர் வீட்டுக்காரருக்குக்கூட நேரடியாக வாங்க வழியில்லை. அந்த ஊர் இழந்ததை நினைக்கும்போது, குறைந்தபட்சம் அந்த வீடுகளுக்காவது தனி விலை ஒன்று இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

போட்டி எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் எரிபொருளைப் பாருங்கள். 2003இல் லங்கா ஐஓசி வந்தது, 2023இல் சினோபெக் வந்தது. சீனக்குடாவில் இருக்கும் எண்ணெய்க் குதங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பெயர்கள் புதிதல்ல. ஆனால் பெற்றோல் தாங்கியில் கிடக்கும், மின்சாரம் கிடக்காது. அந்த அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

அப்படியென்றால் தெரிவு இல்லாதது நமக்கு நல்லதா கெட்டதா?

இங்கேயும் விலைச் சுமையை யாரோ தாங்கத்தான் செய்கிறார்கள். 2013க்குப் பிறகு நம் கட்டணம் உயர்த்தப்படவில்லை. டொலரும் எரிபொருளும் ஏறியதைச் சபையும் திறைசேரியும் சுமந்தன. 2022இல் சுமக்க ஒருவரும் இல்லை. ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்த ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் 66 வீதம் கட்டணம் ஏறியது. தள்ளிப்போட்ட ஒன்பது வருடச் சுமை ஆறு மாதத்தில் நம் தலையில் இறங்கியது. மாதம் 60 யூனிட்டுக்குக் கீழே எரித்த வீடுகளில்தான் அது அதிகம் வலித்தது. குளிர்சாதனப் பெட்டியை நிறுத்திவிட்டு மீனைக் கருவாடாக்கி வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன.

லண்டனில் இருக்கும் மச்சாளுக்கு அந்த நேரத்தில் குறைந்தபட்சம் என்ன விலை, எதுவரை என்று எழுதிக் கையில் ஒரு தாள் இருந்தது. நமக்கு அது இல்லை. எனக்குக் கொம்பனிகளின் எண்ணிக்கை பெரிதல்ல, அந்தத் தாள்தான் பெரிது. சபை ஒன்றாக இருந்தாலும் ஆறாகப் பிரிந்தாலும், அடுத்த வருடம் யூனிட் என்ன விலை, எரிபொருள் ஏறினால் யார் எவ்வளவு தாங்குவார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்லக் கேட்க வேண்டும்.

இந்தத் துறையில் இங்கிருந்தே வேலை செய்யலாமா?

செய்யலாம். பில் சரிபார்த்தல், வாடிக்கையாளர் மாற்றப் பதிவு, மீற்றர் தரவு, தேவைக் கணிப்பு என்று வேலை உண்டு. கணக்கும் எக்ஸெல்லும் கை வந்தால் கணிப்புப் பக்கம் போங்கள். நேரத்தை மட்டும் முதலில் யோசியுங்கள். குளிர்காலத்தில் ரொறன்ரோ காலை 9 மணி என்றால் நமக்கு இரவு 7.30. தொலைபேசியில் ஆள் சேர்க்கும் வேலை, சம்பளம் இல்லை, தரகு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். சின்னம்மாவின் வாசலுக்கு வந்தவரும் தரகுக்கு வேலை செய்தவராகத்தான் இருந்திருப்பார்.

என் பில்லை உங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா?

கட்டாயம். ஆனால் கணக்கு இலக்கத்தையும் மீற்றர் இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். கடந்த வருடம் இதே மாதத்து பில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், ஒப்பந்தம் முடியும் திகதி தெரிந்தால் அதையும் எழுதுங்கள். முதல் பக்கத்தை மட்டும் அனுப்பாதீர்கள். யூனிட் விலை பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும்.